வண்டி நிற்காத ஸ்டேஷனில் ஒரு முற்பகல்

சேலத்திலிருந்து சங்ககிரி போகும் ரயில் பாதையில் என் மனைவியின் ஊருக்கென்று ஒரு ஸ்டேஷன் இருந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் கருங்கல்லில் கட்டியது. இப்போது அங்கே எந்த வண்டியும் நிற்பதில்லை. போன மாதம் ஒரு முற்பகல் முழுக்க அங்கே போய் உட்கார்ந்திருந்தேன்.

மைத்துனனின் பேத்திக்கு அன்று காதுகுத்து. அவன் போனில்தான் கூப்பிட்டான். வீட்டுக்கு வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை என்று நான் முரண்டு பிடித்தேன். "இந்த வயசுலயும் மாப்பிள்ளை முறுக்குப் போகலீங்களா?" என்று கேட்டுவிட்டு, என் மனைவி அஸ்தம்பட்டியிலேயே ஒரு வாடகைக் காரைப் பிடித்தாள். நானும் ஏறிக்கொண்டேன். ஊருக்குள் திரும்பும் இடம் வந்ததும், "நான் ஸ்டேஷன்ல எறங்கிக்கறேன்," என்றேன்.

"ஏனுங்க, எந்த வண்டிக்குங்க?"

"யாராச்சும் வந்து கூப்பிட்டா வாரேன்."

டிரைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். என்னை இறக்கிவிட்டு, அவள் காரை ஊருக்குள் விடச் சொன்னாள்.

டிக்கெட் கொடுக்கும் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். ஊர்ப்பெயர் எழுதிய மஞ்சள் பலகையில் பாதி எழுத்து உரிந்திருந்தது. பிளாட்பாரத்தில் வேலிக்காத்தான் முளைத்து, அதன் நிழலில் ஆடுகள் படுத்திருந்தன. கோயமுத்தூர் போகும் விரைவு வண்டி ஒன்று வேகம் குறைக்காமல் கடந்தது. ஆடுகள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

கல்யாணமான முதல் ஆடிக்கு நானும் அவளும் இங்கேதான் வந்து இறங்கினோம். அழைக்க வந்த மாமனாரிடம் காலை வண்டிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். அப்போது அவள் அடுப்படியில் இருந்ததால் அது அவள் காதில் விழவில்லை. முதல் நாள் இரண்டாம் ஆட்டம் சினிமா பார்த்துவிட்டு வந்து நான் எழுந்திருக்கவே நேரமாகிவிட்டது. மதிய வண்டி என்றுதான் சொல்லியிருக்கிறேன் என்று அவளிடம் சாதித்தேன். இங்கே வந்து இறங்கியபோது எங்களை அழைக்க ஒருவரும் இல்லை. புது மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துப் போவது அவர்கள் பக்கத்து முறை. மாமனார் காலையிலேயே மாட்டு வண்டி பூட்டி வந்து, காத்திருந்துவிட்டுத் திரும்பியிருப்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், "மதிப்பிருந்தா வந்திருப்பாங்க," என்று சொல்லி, எதிரே வந்த ரயிலில் அவளையும் ஏற்றிக்கொண்டு சேலம் திரும்பினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று நானே பலமுறை யோசித்திருக்கிறேன். நேரம் தவறியவன் என்று மாமனார் வீட்டில் தலைகுனிய மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

அடுத்த நாளே அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். "தப்பு எம்மேலதானுங்க. வண்டி நேரத்தை நாந்தான் மாத்தி நெனச்சுக்கிட்டேன்," என்றார். நிஜமாகவே அப்படி நம்பினாரா, மகளின் வாழ்க்கைக்காகச் சொன்னாரா, தெரியாது. நான் வாய் திறக்கவில்லை. தன் அப்பாதான் தவறிவிட்டார் என்று அவளும் நம்பினாள். கோபம் போனால் தவறு யாருடையது என்ற பேச்சு வரும். அதனால் கோபத்தைப் போகவிடாமல் வைத்திருந்தேன். மைத்துனனின் கல்யாணத்துக்கும் அவளை அனுப்பவில்லை. மாப்பிள்ளையோடு பிறந்தவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டிய இணைச்சீரைப் பெரியப்பா மகள் செய்தாள். மாமனார் இறந்தபோது மட்டும் போய்விட்டு, அன்றைக்கே திரும்பிவிட்டோம்.

ஆடு மேய்க்கும் அம்மா ஒருத்தி அருகில் வந்தாள்.

"ஏனுங்க சாமி, இங்க வண்டி நிக்காதுங்களே. தெரியாம வந்துட்டீங்களா?"

"தெரியுமுங்க. ஒருத்தரு கூப்பிட வருவாங்க."

"எந்த ஊட்டுக்காரருங்க?"

சொன்னேன்.

"அட, அங்க மைக்கு செட்டு அலறுது, காதுல உழுகலீங்களா? பந்தியே போட்டுருப்பாங்க. உங்களைத் தேடிக்கிட்டு இங்க யாரு வாரது? எந்திரிச்சு நடங்க, சோறாச்சும் கெடைக்கும்."

எழுந்து நடந்தேன்.

பந்தலுக்குள் முதலில் என் கண்ணில் பட்டவள் என் மனைவிதான். விருந்தாளிகள் வரிசையில், ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தாம்பூலப் பை மடியில் இருந்தது. தண்ணீர் கொண்டுவந்த சின்னப் பெண், "நீங்க யாரு ஊட்டுக்குங்க வந்தீங்க?" என்று அவளைக் கேட்டாள். அவள் பிறந்த வீட்டு வாசல் அது. "குழந்தையோட தாத்தனுக்கு நான் அக்கா," என்று அவள் மெதுவாகச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு விளங்கியதாகத் தெரியவில்லை. மைத்துனன் ஓடிவந்து, "வாங்க மாமா, வாங்க," என்று என் கையைப் பிடித்தான். போனில் அழைத்ததற்கு மன்னிப்பும் கேட்டான். அவன் அப்பாவைப் போலவே.

திரும்பும் வழியில் காரிலேயே சொல்லிவிட்டேன். காலை வண்டிக்கு வருகிறேன் என்று சொன்னதையும், தூங்கிப்போனதையும், அவள் அப்பா வாசலில் நின்றபோது சும்மா இருந்ததையும். டிரைவர் கேட்டால் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

மகுடஞ்சாவடி தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா, எந்தம்பிக்கு இணைச்சீர் நான் செஞ்சிருப்பனுங்களா?"

"செஞ்சிருப்பே."

"எங்கப்பன் வெயில்ல நின்னுட்டுத் திரும்பிப் போனாரு. தப்பும் அவரு மேலயே." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு டிரைவரிடம், "தம்பி, வண்டியைத் திருப்புப்பா," என்றாள்.

"நானும் வாரேன்," என்றேன்.

"வேண்டாங்க. நான் கொஞ்ச நாள் எங்கூட்டுல இருந்துட்டு வாரேன்."

அவளைப் பந்தல் வாசலில் இறக்கிவிட்டு, அதே காரில் நான் மட்டும் அஸ்தம்பட்டிக்கு வந்தேன்.

இன்னும் அவள் வரவில்லை. தினமும் போனில் பேசுகிறாள். குழந்தையின் காதுப் புண் ஆறிவருவதை, தம்பி மருமகள் தன்னை 'பெரியம்மா' என்பதா 'அத்தை' என்பதா என்று தடுமாறுவதையெல்லாம் சொல்கிறாள். என் மாத்திரையைப் பற்றியும் கேட்கிறாள். எப்போது வருகிறாய் என்று கேட்க எனக்குத்தான் வாய் வரவில்லை. அவள் அந்த வீட்டில் இருக்கிற ஒவ்வொரு நாளும் நான் அவளுக்குத் தராமல் வைத்திருந்த நாள்.