மீனவர்கள் இல்லாத துறைமுகம்

இலங்கையிலிருந்து வந்திருந்த நண்பரை மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனிக்கு அழைத்துப் போயிருந்தேன். இலங்கையில் அவர் ஒரு பல்கலைக்கழகத்தில் பொருளாதார விரிவுரையாளர். மறுநாள் கம்பெனியில், பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட்; வேலை நிலைமை பற்றித் தொழிலாளர்களிடமே கேட்பார்கள். சூப்பர்வைசர் தையல் பெண்களுக்குப் பதில்களைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

“ஞாயித்துக்கெழமை வேலை உண்டுங்களான்னு கேட்டா?”

“இல்லீங்க.”

“சிரிக்காமச் சொல்லோணும் கண்ணு.”

நண்பருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வெளியே டீ குடிக்கும்போது அவருடைய துறைத்தலைவர் போனில் அழைத்தார். வல்லரசு ஒன்று இலங்கைக் கடற்கரையில் கட்டிய துறைமுகத்தைப் பற்றி நண்பர் பல வருடங்கள் உழைத்து ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அந்தத் துறைமுகத்துக்காகக் கரையை விட்டு அகற்றப்பட்ட மீனவர்களைப் பற்றியது அதன் முக்கிய அத்தியாயம். பல்கலைக்கழகமே அச்சிடுவதாக இருந்தது. இப்போது துறைக்குப் புதுக் கட்டடம் கொடுத்திருப்பதும் அதே வல்லரசு. திறப்பு விழாவில்தான் புத்தக வெளியீடும்; அந்நாட்டுத் தூதரும் அமைச்சரும் வருகிறார்கள். அந்த அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும் என்றார் துறைத்தலைவர். நண்பர் “சரி சேர்” என்று சொல்லி போனை வைத்தார்.

“வெளியில வேற யார்கிட்டயாவது குடுத்துப் போடலாமே,” என்றேன்.

“போடலாம். பிறகு எனக்கு வேலை இராது.”

“தூதர் மீனவர்களப் பத்திக் கேட்டா?”

“அவர் ஏன் கேக்கப் போறார்? இஞ்ச, இந்தக் கம்பெனியில, பொய் சொல்லவாவது ஒரு கேள்வி இருக்கு.”

விழாவில் வெளியான புத்தகத்தின் ஒரு பிரதி எனக்கு வந்தது. அதன் பக்கங்களில் கப்பல்கள் மட்டும் இருந்தன.