எங்கள் தெருவின் ஆஷாம்மா

அந்த அம்மாவின் ரோஸ் நிறப் புடவை முந்தானையை ஆட்டோவில் வழியெல்லாம் நான் விடவே இல்லை. வலி வரும்போது அதைப் பல்லால் கடித்தேன். கணவர் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தார். பழைய தங்கச் சுரங்கக் குடியிருப்பான மைசூர் மைன்ஸ் லைன் வீட்டில் தனியாகத் துடித்த என்னை, கர்ப்பிணிகளைப் பார்க்க வீடுவீடாக வரும் அந்த அம்மாதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். “மூச்ச இழுத்து வுடும்மா, நான் இருக்கேன் இல்ல” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

தெருவில் எல்லாரும் அவரை ஆஷாம்மா என்பார்கள். குடியாத்தத்திலிருந்து கல்யாணமாகி வந்த நானும் அப்படியே கூப்பிட்டேன். புத்த விகாரையில் மகளுக்குப் பேர் வைத்த அன்று, “எங்க ரெண்டு பேரையும் காப்பாத்துனவங்க பேரையே வைக்கிறோம்” என்று ஊர் கேட்கச் சொல்லி, ஆஷா என்று வைத்தேன். நம்பிக்கை என்று பொருள் என்றார் பிக்கு. எவ்வளவு பொருத்தம் என்று பூரித்தேன். கூட்டத்தில் இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது இப்போதுதான் உறைக்கிறது. அந்த அம்மா தலைகுனிந்து சிரித்தார்.

ஆறு வருடம் கழித்து, போன மாதம், வீட்டுக் கணக்கெடுக்க வந்த ஆஷாம்மாவின் கழுத்தில் தொங்கிய அட்டையை மகள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவளுக்குக் கன்னடம் வரும், எனக்கு வராது.

“அம்மா, இவங்க பேரு ஆஷா இல்ல. முனியம்மான்னு போட்டிருக்கு.”

“அது எங்க வேலைக்கு இங்கிலீஷ்ல சுருக்கி வச்ச பேரு கண்ணு. இந்தப் பக்கம் மட்டும் ஏழெட்டு ஆஷா இருக்கோம்” என்றார் அவர்.

எனக்கு முகம் எரிந்தது. “அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா.”

“அவ்ளோ ஆசையா சொன்னே. நடுவுல பூந்து இன்னான்னு சொல்றது?” பிறகு, குத்தலே இல்லாமல் சிரித்தார். “சொல்லியிருந்தா மட்டும் முனியம்மான்னு வச்சிருப்பியா?”

‘வச்சிருப்பேன்’ என்று வாய்வரை வந்தது. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முனியம்மா என்று தெரிந்திருந்தால் ஒரு புடவை எடுத்துக் கொடுத்து நன்றியை முடித்திருப்பேன். ஆஷா என்பது சின்னதாக, நாகரிகமாக இருந்தது, அதனால்தான் வைத்தேன். அது அவருக்கு ஆறு வருடமாகத் தெரிந்திருக்கிறது.

அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நோட்டில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

“யாரு?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஆஷா” என்றார்.