அறுபது கிலோவில் ஒரு வெற்றி

"திங்கள் 64.8, செவ்வாய் 63.9, புதன் 62.7, வியாழன் 61.6, வெள்ளி 60.9, சனி 59.9, ஞாயிறு (ஹேப்பி நியூ இயர்) 62.3."

என் ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் குறிப்பு இது. தேதி போடவில்லை. தேதி போடாமல் குறிப்பெழுதுகிறவர்களை இன்று நான் மன்னிப்பதில்லை. பதினொரு வயதில் நானே அப்படி ஒருத்தியாக இருந்திருக்கிறேன். நல்லவேளையாகப் புத்தாண்டு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது 2006இல். ஆகவே அந்தத் திங்கள் 2005 டிசம்பர் 26, அரையாண்டு விடுமுறை. எண்கள் ஒரு மனிதரின் எடை.

வீட்டில் விட்டால் டிவியை அணைக்க மாட்டேன் என்று, அப்பா அந்த விடுமுறை முழுக்க, தான் மேனேஜராக இருந்த சாயப்பட்டறைக்கு என்னை அழைத்துப் போனார். அங்கே ஈரத்துணியைக் காயவைக்கும் டிரையரில் சாத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் வேலை பார்த்தார். அவரை டிரையர் அண்ணன் என்றே கூப்பிடுவேன். சொந்த ஊரில் இருந்தபோதே குத்துச்சண்டை பழகியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளி மைதானத்தில் என் சித்தப்பாவோடு பயிற்சிக்கு மோதுவார். சித்தப்பா ஒருமுறைகூட அவரை வென்றதில்லை. இதை உறுதியாகச் சொல்லலாம். விழுந்த குத்துகளை எண்ணியது நான்தான்.

சித்தப்பாவுக்கு ஒரு சான்றிதழ் அவசரமாகத் தேவைப்பட்டது. விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு விண்ணப்பிக்க அவருக்கு அந்த ஆண்டுதான் கடைசி. புத்தாண்டன்று எங்கள் ஊரில் நடக்கவிருந்த போட்டியில், அவருடைய அறுபது கிலோ பிரிவில் வேறு யாரும் பெயர் கொடுக்கவில்லை. எதிராளி இல்லாவிட்டால் அந்தப் பிரிவே நடக்காது, சான்றிதழும் கிடையாது. கடைசி நாளில் டிரையர் அண்ணன் பெயர் கொடுத்தார். தன் எடை அறுபத்தொன்றுதான், இரண்டு வேளைச் சோற்றைக் குறைத்தால் போதும் என்று சித்தப்பாவிடம் சொல்லியிருந்தார். அறுபத்தைந்து என்பது பட்டறையில் இருந்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

துணி ரோலைச் சுற்றும் பாலித்தீனைச் சட்டைக்குள் உடம்போடு சுற்றிக்கொண்டு, டிரையரின் வாய்க்கு முன்னால் அவர் நின்ற இடத்திலேயே ஓடுவார். தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிடுவார். பிறகு ரோல் நிறுக்கும் தராசில் ஏறி நிற்பார். எண்ணைப் படித்துச் சொல்வதும் நோட்டில் எழுதுவதும் என் வேலை. நானே கேட்டு வாங்கிய வேலை.

"பாப்பா, எம்புட்டு காட்டுது?"

"அறுபத்தொண்ணு புள்ளி ஆறுங்கண்ணா."

"இன்னும் ஒண்ணரைதானே. நம்ம மச்சான் பாத்துக்கிடுவான்" என்று டிரையரைத் தட்டினார். வெள்ளிக்கிழமை அவர் மச்சானைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உதடு வெடித்திருந்தது. படியில் ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

இப்படிக் காய்ந்தால் பலம் போய்விடாதா என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா தனக்குத் தெரிந்ததைக் கொண்டு விளக்கினார்.

"டிரையர்ல இருந்து வந்த துணிய உடனே எடை போடக்கூடாது கண்ணு. காஞ்சு எளச்சிருக்கும். ஒரு ராத்திரி சும்மா போட்டு வெய்யி. காத்துல இருக்கற ஈரத்தக் குடிச்சுப் பழைய எடைக்கு வந்துரும்."

துணியைப் பொறுத்தவரை இது முழு உண்மை. சனிக்கிழமை மாலை போட்டி நடத்துகிறவர்கள் எடை பார்த்தார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்குச் சண்டை. நடுவே ஒரு முழு ராத்திரி இருந்தது. ஞாயிறு காலை மைதானத்துக்குப் போகும் வழியில் அவரைப் பட்டறைத் தராசில் ஏறி நிற்கச் சொல்லி அடம்பிடித்தேன். 62.3. அப்பா சொன்னபடியே ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று மகிழ்ந்தேன்.

சண்டை இரண்டாவது சுற்றில் நிறுத்தப்பட்டது. டிரையர் அண்ணனின் கைகள் மார்புக்கு மேலே எழவில்லை. சித்தப்பாவின் மேல் ஒரு குத்துகூட விழவில்லை. சித்தப்பாவுக்கு வியர்த்து ஊற்றியது. டிரையர் அண்ணனுக்கு நெற்றியில் ஒரு துளிகூட இல்லை. நடுவர் சித்தப்பாவின் கையைத் தூக்கியபோது, 62.3க்குக் கீழே 'மகத்தான வெற்றி' என்று எழுதினேன். எழுதும்போதே ஏதோ இடித்தது. எடை திரும்பி வந்திருந்தது. பிறகு அந்தப் பழைய ஆள் எங்கே போனார்?

மதியம் எங்கள் வீட்டில் கோழிக்குழம்பு. அம்மாவின் தம்பியான என் மாமாதான் அதிகம் கொண்டாடினார். சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அவன் கை எந்திரிக்கவே இல்ல மச்சான்."

"கை எந்திரிக்கலைன்னா அது உன்ற அடி, மாப்ள. பயத்துல அவனுக்கு வேர்வகூட வரல, பாத்தியல்ல? தராசுல ரெண்டு பேரும் அறுபதுதான். அப்பறம் என்ன?"

எனக்கு மாமாவின் கட்சி பிடித்திருந்தது. எதிராளி சித்தப்பாவைவிடக் கனமாகவே வந்து நின்றார் என்று நிரூபிக்க என்னிடம் எழுத்துபூர்வ ஆதாரமும் இருந்தது. நோட்டைக் கொண்டுவந்து சித்தப்பாவின் இலைக்குப் பக்கத்தில் விரித்தேன். அவருடைய இடதுகை விரல் ஞாயிற்றில் தொடங்கி, ஒவ்வொரு நாளாகப் பின்னால் நகர்ந்து, திங்களில் போய் நின்றது.

"இத்தன எடைய யாருங்ணா எறக்கச் சொன்னது?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா தண்ணீர் குடித்தார். "யாரும் சொல்லல. அவனே வந்தான். தங்கச்சிக்கு நம்ம பட்டறை செக்கிங்ல வேல கேட்டான், குடுக்கறேன்னேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

சித்தப்பா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். என் எண்களில் ஏதோ பிழை இருக்கிறது என்று நினைத்து, அன்று சாயங்காலம்வரை கூட்டிக் கழித்துப் பார்த்தேன். பிழை இல்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போன டிரையர் அண்ணன் திரும்பி வரவில்லை. தங்கச்சி மட்டும் வந்து, துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் சேர்ந்தார். சித்தப்பா அவரிடம் ஊர் விலாசம் கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை மதியம் சாத்தூருக்குப் பஸ் ஏறினார். எதற்கு என்று வீட்டில் சொல்லவில்லை. போலீஸ் விண்ணப்பம் நிரப்பப்பட்டு, சான்றிதழோடு உறைக்குள் இருந்தது. உறை மட்டும் மூன்று வாரமாக ஒட்டப்படாமல் கிடந்தது.

திங்கட்கிழமை காலை அவர் திரும்பி வந்தபோது இடது புருவம் கிழிந்து பிளாஸ்திரி போட்டிருந்தது. கீழுதடு வீங்கியிருந்தது. அம்மா பதறிப்போய்க் கேட்டாள்.

"பஸ்ல கம்பி இடிச்சிருச்சுங்க அண்ணி" என்றார். பிறகு உட்கார்ந்து எட்டு இட்லி சாப்பிட்டார். புத்தாண்டுக்குப் பிறகு அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

கை கழுவி வந்து, உறையை என்னிடம் தந்து ஒட்டச் சொன்னார். சான்றிதழ் வெளியே மேசைமேல் கிடந்தது.

"சித்தப்பா, இத மறந்துட்டீங்க."

"மறக்கல கண்ணு. நீ ஒட்டு."

ஒட்டினேன். தலையில் கம்பி பலமாக இடித்ததால் வந்த தடுமாற்றம் இது என்று எனக்குத் தோன்றியது. டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னேன். கிடைத்திருக்க வேண்டிய வேலையை ஒருவர் ஏன் இத்தனை சந்தோஷமாகக் கைவிடுகிறார் என்பதற்கு அன்று எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

போலீஸ் வேலை கிடைக்கவில்லை. சாத்தூரில் அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று சித்தப்பாவிடம் மூன்று முறை கேட்டிருக்கிறேன். மூன்று முறையும் பஸ் கம்பி என்றே சொன்னார். ஒரே கம்பி புருவத்தையும் உதட்டையும் எப்படி இடிக்கும் என்றால் சிரிக்கிறார். டிரையர் அண்ணனை நான் அதன்பிறகு பார்க்கவில்லை. அங்கே இரண்டாவது சண்டை நடந்ததா, நடந்திருந்தால் அவர் எந்த எடையில் நின்றார், யார் வென்றார் என்பவற்றை இதுவரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.