இடது பக்க முன் டயர்

சூடான ரப்பர் வாசனை முதலில் மூக்கில் ஏறும்... அப்புறம்தான் டயரே கண்ணில் படும்.

நாவலூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் அட்வைசராகச் சேர்ந்த புதிது. செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்து, கசங்கிய சட்டையோடு வந்து இறங்கி, கஸ்டமரிடம் சிரித்துப் பேசி ஜாப் கார்டு எழுதுகிற வேலை. கார் பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்பு எனக்கு நிறையவே இருந்த காலம்.

அந்த நினைப்பில் மண்ணைப் போட்டது ஒரு கருப்பு கார்.

ரெண்டு டன்னுக்கு மேல் எடை. உள்ளே உட்கார்ந்தால் வெளிச்சத்தம் கேட்காது. திருப்போரூரில் பிளாட் போட்டு விற்ற ஒரு பெரியவருடையது. எல்லாரும் அவரை அய்யா என்பார்கள். பக்கவாதம் வந்து படுத்து எழுந்ததில் அவருக்கு நடையும் போய், பேச்சும் போய்விட்டது. காரைக் கொண்டுவருவது டிரைவர் தேசிங்கு. மாமல்லபுரம் பக்கம் மீனவக் குப்பத்துக்காரர். என்னைவிட ரொம்ப மூத்தவர், இருந்தும் சார் என்றுதான் கூப்பிடுவார்.

பிரச்சினை இதுதான். இடது பக்க முன் டயர் மட்டும் வெளியோரத்தில் மொட்டையாகிறது. உள்பக்கம் தடவினால் புதுசு மாதிரி இருக்கும், வெளிப்பக்கம் வழுவழு.

அலைன்மென்ட் பார்த்தோம். ஸ்கிரீனில் எல்லாம் பச்சை. சஸ்பென்ஷனைக் கழற்றிப் பார்த்தோம், எங்கேயும் ஆட்டமில்லை. காற்றும் சரி. முன்னால் ரெண்டு டயரையும் புதுசாக மாற்றி அனுப்பினோம். சில மாதத்தில் திரும்பி வந்தது... அதே இடது, அதே ஓரம், அதே மொட்டை.

மண்டை காய்ந்துவிட்டது.

இதில் வெளிநாட்டில் இருக்கும் அய்யாவின் மகன் வேறு போன் போட்டார். கோயில், எப்போதாவது ஆஸ்பத்திரி, அதைத் தாண்டி கார் எங்கேயும் போவதில்லை என்று அம்மா சொல்கிறார். அப்படியிருக்க மீட்டரில் கிலோமீட்டர் எப்படி இவ்வளவு ஏறுகிறது என்றார். தேசிங்கு காரை எடுத்துக்கொண்டு ஈ.சி.ஆரில் ஊர் சுற்றுகிறார், வளைவுகளில் வேகமாக ஒடிக்கிறார் என்பது அவருடைய சந்தேகம். காரில் கோளாறு இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைக்கே அவரை நிறுத்திவிடுவாராம்.

காரில் கோளாறு இல்லைதான். ஆனால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேசிங்கின் பெண் அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், இந்தச் சம்பளத்தை நம்பித்தான்.

அவரைக் கேட்டால் ஒரே பதில்.

"எங்கியும் போவல சார். வூட்டாண்ட இருந்து கோயிலு, கோயிலாண்ட இருந்து வூடு. வேணும்னா அம்மாவ கேட்டுப் பாருங்க."

அந்த வீட்டிலிருந்து கோயில் கூப்பிடு தூரம். அதற்கா டயர் தேயும்? மனுஷர் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை. டயரைப் பார்த்தால் அதுவும் உண்மையைத்தான் சொல்கிறது. யாரை நம்புவது, என்ன எழுதுவது... ஒரு எழவும் புரியாமல் மறுநாள் காலை திருப்போரூர் போய் நானே அந்தக் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

பின்சீட்டில் வலது ஓரமாக அய்யா, நெற்றி நிறைய விபூதி, கண்ணாடி முழுக்க இறக்கியிருந்தது. முருகன் கோயில் வாசல் வந்தது. தேசிங்கு நிறுத்துவார் என்று கதவில் கை வைத்தேன். நிறுத்தவில்லை. வலது பக்கம் ஒடித்து மாடவீதிக்குள் நுழைந்தார். பூக்கடை, சைக்கிள், மாடு, எல்லாவற்றுக்கும் நடுவில் அவ்வளவு பெரிய வண்டி முக்கி முனகித் திரும்பியது. மறுபடி வலது. மறுபடி வலது. திரும்பக் கோயில் வாசல். இப்போதாவது நிறுத்துவார் என்று பார்த்தால்... மறுபடியும் வலது.

ஒவ்வொரு தடவை கோபுரத்தைத் தாண்டும்போதும் அய்யா வலது கையைத் தூக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இடது கை மடியிலேயே கிடந்தது. இத்தனை சுற்று என்றெல்லாம் கணக்கு கிடையாது. அவராகக் கையை நீட்டி தேசிங்கின் தோளைத் தொட்டால்தான் வீட்டுக்குத் திரும்புவார்கள். நடக்க முடிந்த காலத்தில் காலால் சுற்றியவர், இப்போது தினமும் காரில் சுற்றுகிறார்.

வலது பக்கமே திரும்பிக்கொண்டிருந்தால் மொத்த எடையும் இடது டயரின் வெளியோரத்தில்தானே விழும்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"ஏண்ணா, இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

அவர் என்னைவிடக் குழம்பிப்போய்ப் பார்த்தார்.

"எங்க போறேன்னுதான சார் கேட்டீங்க? நாங்க எங்கியும் போவலியே... சாமிய சுத்திக்கினுதான கீறோம்."

மகனிடம் போனில் சொன்னேன். எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் சரியாகுமா என்று கேட்டார். கேட்டுவிட்டு, வேண்டாம், அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார் என்று அவரே சொன்னார். தேசிங்கை நிறுத்துகிற பேச்சு அதோடு போயிற்று. டயர் தேயத் தேய நாங்களும் மாற்றிக்கொண்டே இருந்தோம்.

அப்புறம் ஒரு தடவை சர்வீஸுக்கு வந்தபோது வழக்கம்போல முன்னால் குனிந்து பார்த்தேன். ரெண்டு டயரும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தன. உள்ளோரம், நடு, வெளியோரம், எல்லாம் சமம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"என்னண்ணா, டயர் சூப்பரா இருக்கே... என்ன பண்ணீங்க?"

தேசிங்கு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அய்யா ஐப்பசிலயே தவறிப் பூட்டாரு சார். இப்பல்லாம் அம்மாவ இட்டுக்கினு நேரா போறேன், நேரா வர்றேன்."

முன் டயர்கள் ஓகே என்று ஜாப் கார்டில் எழுதினேன். வேறு என்ன எழுதுவது? இவ்வளவு நாள் நான் சரிசெய்யப் பார்த்தது எதை என்றே எனக்கு விளங்கவில்லை. தேசிங்கிடம் ஒரு டீ சாப்பிடலாமா என்று மட்டும் கேட்டேன்.

இப்போது சிறுசேரி பக்கம் வேறு ஒர்க்‌ஷாப்பில் நான் மேனேஜர். ஏசி ரூம், பெரிய ஸ்கிரீன், டயரில் காற்று குறைந்தால் காரே சொல்லிவிடுகிறது. அப்போது ஒரு டயருக்காக ஒரு காலைப்பொழுது முழுக்கக் கூடப் போய் உட்கார முடிந்தது. இப்போது அதற்கெல்லாம் யார் விடுவார்கள்? ரிப்போர்ட் வந்ததும், ரெண்டு பக்கமும் சமமாகத் தேய்ந்திருக்கிறது சார் என்று சொல்வேன். கஸ்டமருக்குச் சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்து என்னையும் மீறிக் கேட்டுவிடுகிறேன், வீட்டில் எல்லாரும் நல்லா இருக்காங்களா சார் என்று.

"நல்லாத்தான் இருக்காங்க... ஏன் கேக்குறீங்க?" என்று திருதிருவென முழிக்கிறார்கள்.

சும்மாதான் சார் என்கிறேன்.