கோமதி அக்கா நிரப்பாமல் விட்ட வட்டம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுத் தொலைபேசி இரண்டு முறை அடித்தது. நானும் பிளஸ் டூ படிக்கும் என் மகள் வடிவும் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தோம். இருவரும் எடுக்கவில்லை. யாராக இருக்கும், என்ன கேட்பார்கள் என்று எனக்கு எப்போதும் பயம். மணி ஓயும்வரை கையிலிருக்கும் வேலையில் குனிந்துகொள்வேன். நிமிர்ந்து பார்த்தபோது வடிவும் அப்படியே குனிந்திருந்தாள். மதியம் எங்கள் கல்லூரி விலங்கியல் துறை அட்டெண்டர் சைக்கிளில் வந்தார். கோமதி மேடம் தவறிவிட்டார்கள், ஆஸ்பத்திரியிலிருந்து காலையில் இரண்டு தடவை போன் போட்டார்களாம், யாரும் எடுக்கவில்லையாம் என்றார்.

இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். எம்.எஸ்ஸி. முடித்தும் வகுப்பெடுக்கப் பயந்து ஆய்வகத்திலேயே தங்கிவிட்டவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

நாலு பேர் முன்னால் நிற்கவும் பேசவும் வரும் பயம் ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இறங்குகிறதா, மரபணுவுக்கு அதில் பங்கு உண்டா என்பதுதான் நான் அக்கா என்று கூப்பிடும் எங்கள் பேராசிரியை கோமதி மேடத்தின் ஆராய்ச்சி. கூச்சத்துக்கெல்லாமா ஆராய்ச்சி என்று துறையில் ஒருவர் சிரித்தார். "கூச்சத்துல வேலைய விட்டவன் எத்தனை பேருன்னு உமக்குத் தெரியுமா வே?" என்று அக்கா கேட்டதும் அவர் சிரிப்பு நின்றது.

சனிக்கிழமைகளில் பஸ் ஏறி ஊர் ஊராகப் போவோம். அக்கா கேட்பார். நான் குடும்பப் படம் வரைவேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். பயம் இருப்பவர்களுக்குள் கறுப்பு மை. கல்லிடைக்குறிச்சியில் ஒரு பெரியவர், வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்க முடியாமல் பாங்க் வேலையை விட்ட தன் தம்பியைப் பற்றி விவரமாகச் சொன்னார். ஒரு சதுரம் கறுத்தது. பெண்களைப் பற்றிக் கேட்டோம். "எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு அந்தக் கோளாறெல்லாம் கிடையாதும்மா. நாலு பேரு முன்னால வரவே மாட்டாங்க. அவ்வளவு அடக்கம்" என்றார். நான் வட்டங்களை வெள்ளையாக விட்டேன். போன வீடெல்லாம் இதே கதைதான்.

படங்களைப் பரப்பிப் பார்த்த அக்கா, இது பெரும்பாலும் ஆண்களிடம்தான் தெரிகிறது என்று மதுரைக் கருத்தரங்குக்குக் கட்டுரை தயாரித்தார். டைப் அடித்தும் வந்துவிட்டது. அது தப்பு என்று எனக்குத் தெரியும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று காப்பித் தட்டு கையில் கடகடவென்று ஆடியது. முகமெல்லாம் வேர்த்து, கண் இருட்டியது. நல்ல அடக்கமான பெண் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது அடக்கமில்லை, திகில். ஆனால் எங்கள் குடும்பப் படமும் அந்தப் படங்களுக்குள் இருந்தது. என் அப்பாவின் சதுரம் கறுப்பு, என் வட்டம் வெள்ளை. அதை வரைந்தவளே நான்தான். அதைக் கறுப்பாக்கினால் அதற்குக் கீழே தொங்கும் வடிவின் வட்டத்தை யார் சும்மா விடுவார்கள்? எங்கள் பக்கத்தில் ஜாதகத்துக்கு முன்னால் இந்த மாதிரிச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

வாயால் சொல்லும் தைரியம் வரவில்லை. ஒரு துண்டுத்தாளில், "வட்டங்கள் தப்பு. என் வட்டமும்" என்று எழுதி அக்காவின் மைக்ராஸ்கோப் உறைக்குள் வைத்தேன். மறுநாள் அவர் வந்தபோது தவளைப் பாட்டில்கள் அடுக்கிய அறைக்குள் போய் நின்றுகொண்டேன். அக்கா அங்கேயே வந்தார்.

"ஏளா, ரெண்டு வருசமா பக்கத்துலயே இருக்கே. ஊரெல்லாம் கேட்டேன். உன்னைக் கேக்கணும்னு எனக்குத் தோணலியே."

கட்டுரை மதுரைக்குப் போகவில்லை. அந்தத் தாள்களின் பின்பக்கத்தில் புதிய படங்கள் வரையச் சொன்னார். அதே வீடுகளுக்கு இந்த முறை பின்வாசல் வழியாகப் போனோம். பயமா என்று கேட்கவில்லை. கல்யாண வீட்டில் எங்கே உட்காருவீர்கள் என்று மட்டும் அக்கா கேட்டார். அந்தப் பெரியவரின் மருமகள் அப்பளம் உருட்டிக்கொண்டே, "பாத்திரம் கழுவுற இடத்துலதான். அங்கன யாரும் முகத்தைப் பாக்க மாட்டாங்க" என்றாள். நாங்கள் எழுந்தபோது, இது தன் பிள்ளைக்கும் வருமா என்று கேட்டாள். அக்கா நோட்டை மூடிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். அவர் பயந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

திரும்பும் பஸ்ஸில் நானும் அதையே கேட்டேன். "ரத்தத்துல இறங்குதா, உன்னைப் பாத்துப் பாத்துப் பிள்ளைக்கு வருதான்னு இந்தப் படத்துல தெரியாது. தெரியும்னு நான் சொன்னா அது பொய்" என்றார். அக்காவோடு வீட்டுக்கு வந்து என் வட்டத்தை நானே கறுப்பாக்கினேன். வடிவின் வட்டத்துக்குப் பக்கத்தில் அக்கா பென்சிலால், "கேட்கவில்லை" என்று எழுதினார்.

"இதை நீயும் நிரப்பாதே, நானும் நிரப்ப மாட்டேன். அவகிட்ட பைய கேளு."

அந்தத் தாளை என்னிடமே கொடுத்துவிட்டார். நான் கேட்கவே இல்லை.

பதினாறாம் நாள் அக்காவின் தம்பி சொன்னார். ஆஸ்பத்திரியில் அக்கா அவரிடம் என் எண்ணைக் கொடுத்து, "அவ உடனே எடுக்க மாட்டா. விட்டு விட்டு அடி" என்றாராம். மூன்றாவது முறை அடிக்க நேரமில்லாமல் போயிற்று. என்னிடம் என்ன சொல்ல இருந்தார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் தொலைபேசி அடித்தபோது எழுந்துபோய் எடுத்தேன். சிலிண்டர் நாளைக்கு வரும் என்று யாரோ சொன்னார். வைத்துவிட்டுத் திரும்பினால் வடிவு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது. நான் மறைக்கவில்லை.

"அம்மா, உனக்குமா?" என்றாள்.

அக்காவிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்தத் தாள் ஒன்றுதான். அன்று அதை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். என் கறுப்பு வட்டத்தைப் பார்த்தாள். பிறகு தன் வெள்ளை வட்டத்துக்குப் பக்கத்திலிருந்த "கேட்கவில்லை"யை வாசித்தாள். பென்சிலை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, பயத்தோடுதான், பக்கத்தில் உட்கார்ந்தேன்.