வெள்ளையைத் தாண்டாத நாய்

எங்கள் நாய்க்குப் பேர் கிடையாது. "ஏய்" என்றால் வரும், அவ்வளவுதான். ஆறு வருஷத்துக்கு முன் மரக்காணம் உப்பளத்தில், பம்ப் செட் ஓரமாகக் குட்டியாகக் கிடந்தது. நானும் என் வீட்டுக்காரரும் குத்தகைக்கு எடுத்து உப்பு போடுகிற அளம் அது. அவர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ஆள். அதனால் அளத்தில் எனக்குப் பேச்சுத்துணை அந்த நாய்தான்.

அதை அளத்துக்குக் கூட்டிக்கொண்டு போக அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். உப்பு விளைகிற பாத்தியில் கால் வைக்கக் கூடாது. நாய் ஓடினால் அடியில் இருக்கும் களிமண் கலங்கி உப்பு பழுப்படித்துவிடும். பழுப்பு உப்பை வியாபாரி திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். எங்கள் பக்கம் குழந்தையானாலும் நாயானாலும் அளத்துக்குள் வந்ததும் கற்றுக்கொள்கிற முதல் வார்த்தை "வரப்பு!" வெள்ளையில் இறங்காதே, வரப்பு மேலேயே நட என்று அர்த்தம். நாய் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டது. என் பிள்ளைகளுக்கு இரண்டு வருஷம் ஆனது.

போன மழைக்காலத்தில், அளத்தில் வேலை இல்லாத நாட்களில், பூநாரை பார்க்க கேமராவோடு ஒரு பெண் வந்தாள். பெரிய முதலியார்சாவடியில் நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவள். வந்தவள் பறவையை விட்டுவிட்டு, வரப்பின் மேல் எங்கள் நாய் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, முனையில திரும்புது பாருங்க, வழுக்கவே இல்ல. ஃப்ளைபாலுக்கு எனக்கு நாலாவது நாய் வேணும். ஞாயித்துக்கிழமை இட்டுனு வாங்களேன்."

ஃப்ளைபால் என்றால் நாய்களின் தொடர் ஓட்டம். நாலு தடுப்புகளைத் தாண்டி ஓடி, கடைசியில் இருக்கும் பெட்டியைக் காலால் அழுத்தினால் பந்து எகிறும். அதைக் கவ்விக்கொண்டு அதே நாலையும் தாண்டித் திரும்பினால் அடுத்த நாய் கிளம்பும். ஞாயிறு காலை மொபெட்டில் போனோம். முன்னால் அவர், பின்னால் நான், நடுவில் நாய்.

பந்தையும் பெட்டியையும் அன்றைக்கே பிடித்துக்கொண்டது. தடுப்புதான் வரவில்லை. முதல் தடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தது. முழங்கால் உயரம்கூட இல்லாத வெள்ளைப் பலகை அது. மற்ற மூன்று நாய்களும் பறந்துகொண்டிருந்தன. எனக்கு மானம் போனது.

வீட்டில் நாலு வெள்ளைச் சாக்குகளில் மண்ணை நிரப்பி, வரிசையாகக் கிடத்திப் பழக்கினேன். வேகமாக ஓடி வரும். கிட்டே வந்ததும் நின்றுவிடும். மூளை கெட்ட நாய் என்று திட்டினேன். மூன்று ஞாயிறு இப்படியே போனது. அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அடுத்த வாரமும் தாண்டலன்னா வேற நாய் பாக்கணும்க்கா. மார்ச்சுல போட்டி இருக்குது."

அன்று சாயங்காலம் மறுபடியும் ஓடவிட்டேன். குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், அந்த வாரத்துக்கான பேச்சை அங்கே செலவழித்தார்.

"ஏன்டி, அது கிட்ட வரும்போதெல்லாம் நீதான் வரப்பு வரப்புன்னு கத்துற. அது இன்னா பண்ணும்?"

சத்தியமாக, நான் கத்துவதே எனக்குத் தெரியவில்லை. ஆறு வருஷப் பழக்கம். நாய் வெள்ளையைப் பார்த்து ஓடினால் என் நாக்கு என்னைக் கேட்பதில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். நாயிடம் மன்னிப்பு கேட்டேன். அது வாலை ஆட்டியது.

அடுத்த ஞாயிறு, தடுப்புகளில் சேற்றைப் பூசலாமா என்று கேட்டுப் பூசினேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். நாய் தாண்டியது. பிறகு வாரத்துக்கு ஒரு பலகையாகச் சேற்றைக் கழுவினோம். பொங்கல் கழிந்து, நாலையும் வெள்ளையாகவே தாண்டிய அன்று, எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். என் பெரியவன் பத்தாவது பாஸானபோதுகூட நான் அழவில்லை.

மாசியில் அளத்தில் உப்பு பூக்க ஆரம்பித்தது. ஒருநாள் கோடிப் பாத்தியில் நான் உப்பு வாரிக்கொண்டிருந்தேன். பம்ப் செட் நிழலில் படுத்திருந்த நாய் என்னைத் தேடி எழுந்தது. எப்போதும்போல வரப்பைச் சுற்றி வரவில்லை. ஒவ்வொரு வரப்பாகத் தாண்டி நேராக வந்தது. ஐந்து பாத்தி. ஐந்திலும் வெள்ளையின் மேல் கால் தடம்.

"வரப்புன்னு கத்துடி!" என்று அவர் அலறினார்.

வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை போதும், நின்றுவிடும். ஆனால் அப்புறம் அந்தத் தடுப்புகளுக்கு முன்னாலும் நின்றுவிடும். போட்டிக்குப் பத்து நாள் இருந்தது. அதைவிட, அது அவ்வளவு சந்தோஷமாக ஓடிவந்து நான் பார்த்ததில்லை. கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு "வா" என்றேன்.

பழுப்படித்த உப்பைத் தனியாகக் குவித்தோம். நிபந்தனை நிபந்தனைதான், அதை நான்தான் மீறினேன். மறுநாள் நாயை வீட்டில் கட்டிவிட்டு அளத்துக்குப் போனேன். தெருமுனை வரைக்கும் அதன் குரல் கேட்டது.

பாத்திகள் சுத்தமாக இருந்தன. மத்தியானம் சோற்றுத் தூக்கைத் திறந்து, எப்போதும்போல நாய்க்கென்று முதல் கவளத்தை உருட்டி, "ஏய்" என்றேன். என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.