உண்ணி பார்க்கும் நேரம்

படலைக்குள் ஓர் அடி வைப்பதற்குள் புருசனை நிறுத்திவிடுகிறார் அழகம்மா. "சேட்டைக் கழட்டுங்கோ. வெயிலுக்கு முதுகைக் காட்டுங்கோ." காட்டோரம் மேய்ந்த மாடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு வரும் ஆண்டியப்பன், முணுமுணுத்தபடி கவிழ்த்த உரலில் குந்துகிறார். சேட்டு வெந்நீர் வாளிக்குள் போகிறது. காதுமடல், கழுத்து, கக்கம், சாரம் இறுக்கிய இடுப்பு என்று உண்ணித் தேடல் நடக்கிறது. விசுவமடுவின் அந்த ஒழுங்கையில் நாலு மணி ஆனது இந்தச் சத்தத்தில்தான் தெரியும். கதை கேட்க வந்த என் காற்சட்டை மடிப்பையும் பார்த்த பிறகுதான் எனக்குக் கதிரை கிடைத்தது.

எழுபத்தேழுக் கலவரத்தோடு மலையகத்திலிருந்து லொறியில் வந்திறங்கிய ஒன்பது வயதுப் பிள்ளை அழகம்மாவுக்கு இப்போது ஐம்பத்தேழு. பேச்செல்லாம் வன்னி. கோபம் வந்தால் மட்டும் தோட்டத்துத் தமிழ் எட்டிப் பார்க்கும்: "அசையாம இருங்க, ஆமா!"

கலியாணமான புதிதில், பாலைப்பழம் பிடுங்கிவிட்டு வந்தால் ஒருவருக்கொருவர் உண்ணி பார்ப்பார்களாம். உடம்பிலிருந்து பிடுங்கிய உண்ணியை இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவில் வைத்து ஒரே நெரி. "வீடு எங்க போடுறது, மூத்தவளுக்கு என்ன பேர், எல்லாம் உண்ணி பாக்கேக்கதான் கதைச்சனாங்கள். எங்களுக்கு வேற நேரம் ஆர் தந்தது?" சொல்லும்போதே வெட்கப்பட்டுச் சிரிக்கிறார். பிறகு யுத்தம், செட்டிகுளம் முகாம். "கம்பி வேலிக்குள்ள காடேது, உண்ணியேது? இவரைத் தொட ஒரு சாட்டும் இல்லாமப் போச்சு." இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

இந்தப் பங்குனியில் ஆண்டியப்பனுக்குக் காய்ச்சல். பதினொரு நாள். தலை பிளக்கிற வலி, பல் முரசில் இரத்தம். டெங்கு இல்லையாம், எலிக்காய்ச்சலும் இல்லையாம். "உண்ணி கடிச்சதோ?" என்று வைத்தியர் கேட்டிருக்கிறார். "எப்ப கடிக்கேல்லை எண்டு கேளுங்கோ டொக்டர்!" என்றாராம் அழகம்மா. வைரஸ் உள்ள காட்டு உண்ணி கடித்தாலும் காய்ச்சல் வரலாம், நசுக்கிய கையால் கடிவாயைத் தொட்டாலும் வரலாம் என்று வைத்தியர் விளக்க, அழகம்மா தன் கட்டைவிரல்களைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாராம். கொழும்புக்குப் போன இரத்தத்துக்கு இன்னும் மறுமொழி வரவில்லை.

"மனுசன் தப்பிட்டார். ஆனா நான்தான் குடுத்தனோ எண்டு நெஞ்சுக்குள்ள எரியுது, தம்பி. இன்னொருக்கா வந்தா அந்த உடம்பு தாங்காது."

வைத்தியசாலையில் கூர்முனைச் சாவணம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதால் உண்ணியைத் தோலோடு ஒட்டப் பிடித்து, நேரே இழுத்து, ஸ்பிரிட் போத்தலுக்குள் போட வேண்டும். அழகம்மா பழகிவிட்டார். பழகாதவர் ஆண்டியப்பன். "சீ, இரும்பு குளிருது. ஆசுப்பத்திரியில கிடக்கிற மாதிரி. முந்தி இவவின்ர கை பட்டாலே நித்திரை வந்திடும்." போன கிழமை இதற்குத் தப்பவே பின்பக்கத்தால் கிணற்றடிக்கு நழுவிவிட்டார். மறுநாள் இடுப்பில் இரத்தம் குடித்துக் கொழுத்த உண்ணி. அன்று அழகம்மா ஏசவில்லை, அழுதாராம். அதற்குப் பிறகு மனுசன் நழுவவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு இருக்கிறார்.

நான் பார்த்திருக்கவே தோள்பட்டைக்குக் கீழே ஒன்று அகப்பட்டது. எள்ளளவுதான். அழகம்மாவின் கட்டைவிரல் தன்பாட்டில் அதை நோக்கிப் போய், பாதியில் நின்றது. சாவணத்தை எடுத்தார். உடனே வைக்கவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். குழந்தைக்குப் பாலின் சூடு பார்ப்பதுபோல் தன் மணிக்கட்டில் தொட்டுப் பார்த்தார். போதவில்லை போலும், இன்னும் கொஞ்சம் தேய்த்தார். பிறகு, "இப்ப குளிருதே?" என்று கேட்டுக்கொண்டே முதுகில் வைத்தார்.